எங்க மக்ளே படிக்க?

போன அசனப் பண்டிகையில், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்தில், பந்திக்குக் காத்து நின்றபோது, ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் கடைசி மகளைக் குனிந்து பார்த்துக் கேட்டார்: "எங்க மக்ளே படிக்க?"

ஆறு வயதுக்காரி யோசிக்கவே இல்லை. "டைனிங் டேபிள்ல."

அவர் சிரித்தபடியே என்னைப் பார்த்தார். "வீட்டுல வெச்சே சொல்லிக் குடுக்கோம் மாமா" என்றேன். சிரிப்பு மெதுவாக இறங்கியது. குரலையும் இறக்கிக்கொண்டு, "ஏம்மா, பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்றார். அதற்குள் பந்தி கூப்பிட்டுவிட்டார்கள். கறிக்குழம்புச் சோற்றின் முன்னால் யாரும் கல்விக் கொள்கை பேசமாட்டார்கள் என்பதால் தப்பித்தேன்.

வேறு ஊராக இருந்தால் இதை ஒரு பெருநகரத்து ஃபேஷன் என்று விட்டிருப்பார்கள். நாங்கள் இருப்பது பாளையங்கோட்டை. இங்கே இருந்துகொண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இருப்பது, தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு மீன் தின்னமாட்டேன் என்பது மாதிரி. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று யாரோ என்றைக்கோ வைத்த பெயரை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிற ஊர். காலை எட்டரைக்கு எங்கள் தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்றால் ஆறு விதமான யூனிபாரம் எண்ணலாம். கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பள்ளி வைத்துவிட்ட இடம் இது. சாராள் தக்கர் என்ற இங்கிலாந்துப் பெண் இந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் இங்கே பெண்பிள்ளைகள் படிப்பதற்காகப் பணம் திரட்டி அனுப்பியிருக்கிறார். அவர் பெயரிலுள்ள கல்லூரியில்தான் என் மாமியார் படித்தார்கள்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வீட்டுப் படிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது.

அத்தை 34 வருஷம் டீச்சர். கடைசி எட்டு வருஷம் தலைமையாசிரியை. அவர்களுடைய பாட்டி சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுக்காரர். பனையேறிக் குடும்பம். செம்மண்ணில் விரலால் அ, ஆ எழுதிப் பழகி, பத்து வயதில் மிஷன் போர்டிங்குக்கு நடந்தே போனவர். வீட்டில் யாரும் அனுப்பவில்லை; சபை உபதேசியார் வந்து சண்டை போட்டுக் கூட்டிப் போனாராம். அந்தப் பாட்டி படித்ததால் அவர் மகள் டீச்சர், அந்த மகளின் மகளும் டீச்சர். எங்கள் ஜனத்தில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சபை என்றாலே பள்ளிக்கூடம். ஒரே கட்டடத்தில் வாரம் ஐந்து நாள் கரும்பலகை, ஞாயிற்றுக்கிழமை பலிபீடம்.

அப்படி வந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை மருமகள், "பிள்ளைகளை இனி அனுப்பப் போறதில்ல அத்தை" என்று 2021 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை சொன்னபோது, அத்தை கையிலிருந்த முருங்கைக்கீரையை ஆய்ந்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. ஆய்ந்து முடித்த பிறகும் பேசவில்லை. மூன்று நாள்.

"கர்த்தர் எங்களோடு பேசினார், நாங்கள் கீழ்ப்படிந்தோம்" என்று நான் சாட்சி சொல்வேன் என்று ஹோம்ஸ்கூல் செய்கிற மற்ற விசுவாசிகள் எதிர்பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எங்களை வெளியே கொண்டுவந்தது வேன். பெரியவன் மூன்றாம் வகுப்புப் படித்தபோது காலை 7.10க்கு வேன் வரும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு எட்டரைக்குப் பள்ளி. சாயங்காலம் அதே மாதிரி. வீட்டுக்கும் பள்ளிக்கும் நேர் தூரம் நான்கு கிலோமீட்டர். ஞாயிறு ராத்திரி ஆனால் வயிற்றுவலி. வாசிக்கும்போது அவனுக்குக் கொஞ்சம் திக்கும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் சட்டை நுனியைக் கடிப்பான். வாரத்துக்கு ஒரு சட்டை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஊரே பயத்தில் கிடந்த அந்த நாட்களில் என் வீட்டில் ஒருவனுக்கு வயிற்றுவலி நின்றது. ஒன்றரை வருஷம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நானும் ஒரு மெட்ரிகுலேஷனில் கெமிஸ்ட்ரி மிஸ்ஸாக இருந்தவள்தான். 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளுக்குத் திரும்பப் பள்ளி திறந்தபோது, முந்தைய ராத்திரியே அந்த வலி சரியாக வந்து நின்றது. அவ்வளவுதான் எங்கள் தரிசனம்.

வசனம் பின்னால்தான் வந்தது. உபாகமம் ஆறாம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்கிற இடம். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிற கிறிஸ்தவர்கள் எல்லாரும் எடுத்து நீட்டுகிற வசனம் அது. மூன்று நாள் மௌனம் முடிந்து அத்தை பேசியபோது நானும் அதைத்தான் நீட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டு வாசித்தார்கள். அடுத்த வசனங்களையும் வாசித்தார்கள். வேதத்தை மூடிவிட்டு, "இதுல பள்ளிக்கூடம் வேண்டாம்னு எந்த வரியில போட்டிருக்கு?" என்றார்கள்.

இன்றுவரை பதில் தெரியாது. அந்த வசனத்தை நான் அப்புறம் யாரிடமும் நீட்டுவதில்லை.

எங்கள் நாள் எப்படிப் போகும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐந்தரைக்குக் கருப்பட்டிக் காப்பி. ஆறரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம். ஏழரை வரை வீட்டு வேலை. எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை மேஜை. அதற்குப் பிறகு குக்கர் விசில்தான் பெல். மத்தியானம் புத்தகம் வாசிப்பு, தூக்கம், சண்டை. பெரியவன் வாரத்தில் இரண்டு நாள் முருகன்குறிச்சியில் அவன் அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் போவான். சதவீதக் கணக்கை நான் ஒரு மாதம் மல்லுக்கட்டிச் சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை. பிவிசி பைப் பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியை 9 மாநிலத்துக்கு, 9 மத்திய அரசுக்கு என்று இரண்டாகப் பிரித்து எழுதிய ஒரே மத்தியானத்தில் ஏறிவிட்டது. என் படிப்புக்கு வந்த மரியாதை அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல அமெரிக்கப் பாடப்பெட்டிக்கு ஆசைப்பட்டேன். பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் பாதி விலைக்குக் கொடுத்தது. திறந்தால் நல்ல காகிதம், அழகான படங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் வசனம். கணக்குப் புத்தகத்தில் நிக்கல் எத்தனை, டைம் எத்தனை என்று அமெரிக்கச் சில்லறை எண்ணச் சொல்கிறான். நடுவுள்ளவள் "நிக்கல்னா என்னம்மா?" என்றாள். பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி ஞாபகத்தில் நான் உலோகம் என்று ஆரம்பித்துவிட்டேன்! பனி பெய்கிற பாடம், வான்கோழி தின்கிற பாடம், எல்லாம் வந்தது. பெட்டியை மூடிப் பரணில் வைத்துவிட்டு, அரசாங்கத்தின் சமச்சீர்ப் புத்தகங்களை வாங்கிக்கொண்டோம். பணம் கொடுக்காமல் இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அச்சில் வேண்டுமானாலும் விலை கம்மிதான். வேதத்தின் வசனத்தைக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் அச்சடித்தால்தான் கிறிஸ்தவக் கல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. இதைச் சொன்னதற்கு ஒரு சகோதரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்தை எகிப்து என்றும் எங்களை யாத்திரை புறப்பட்டவர்கள் என்றும் பேசுகிறவர் அவர். என் அத்தை 34 வருஷம் எகிப்தில் செங்கல் அறுத்தார்களா என்ன?

சங்கீதம் 119க்கு வந்த வாரம் எனக்கு மறக்காது. 176 வசனம். ஒரே நாளில் முடியாது என்று பிரித்துக்கொண்டிருந்தோம். நடுவுள்ளவள்தான் கவனித்தாள், நடுநடுவே "ஆலெப்", "பேத்", "கிமெல்" என்று தலைப்பு மாதிரி என்னவோ இருக்கிறது என்று. எபிரெய எழுத்துகள் என்றேன். மொத்தம் 22, ஒவ்வொன்றுக்கும் எட்டு வசனம். "அப்ப இருவத்திரண்டெட்டு?" என்று பெரியவன் கேட்க, அவள் விரல்விட்டு, அழித்து, மறுபடி எழுதி, 176 என்று கத்தினாள். எபிரெயத்தில் ஒவ்வொரு பகுதியிலும் எட்டு வசனமும் அந்த எழுத்திலேயே தொடங்கும் என்று சொன்னவுடன் தமிழ் வேதத்தைத் திருப்பிப் பார்த்து ஏமாந்து போனாள். "நம்மள்ல அப்படி இல்லையேம்மா."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏன் இல்ல? அறம் செய விரும்பு, ஆறுவது சினம். அவ்வையாருக்கு யாரு எபிரெயம் சொல்லிக் குடுத்தா?"

அத்தை பாடத்தில் வாயைத் திறந்த முதல் நாள் அது. அதுவரை எட்டரைக்கு நாங்கள் மேஜையில் உட்கார்ந்தால் அவர்கள் எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு மகள் தானே ஒரு சங்கீதம் எழுத உட்கார்ந்தாள், அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரி. "அதிகாலையில் உம்மைத் துதிப்பேன்" என்று ஜோராகத்தான் தொடங்கியது. ஈ-க்கு "ஈசல் பறக்க வைத்தீர்". ஐ-க்கு "ஐந்தரைக்கு எழுப்பும் அம்மாவை மன்னியும்". ஔ-வில் வந்து ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். கடைசியில் "ஔவைப் பாட்டிக்காகவும் ஸ்தோத்திரம்" என்று முடித்தாள். அந்தத் தாள் இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. எங்கள் சபைப் போதகரான ஐயர் வீடு சந்திக்க வந்தபோது தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே வந்து ஜெபம் பண்ணினார்.

அதற்கு அடுத்த வாரம் சின்னவளுக்கு எழுத்துப் பழக்கவேண்டும் என்று நான் கோடு போட்ட நோட்டை எடுத்தேன். அத்தை அதை வாங்கி ஓரமாக வைத்தார்கள். சுளகை, அதாவது முறத்தை எடுத்து, கொல்லையில் சலித்த மண்ணைப் பரப்பி, தட்டிச் சமப்படுத்தி, சின்னவளின் ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் பிடித்தார்கள். அ-வின் முதல் சுழி மெதுவாக, விரல் மண்ணைத் தள்ளுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு மெதுவாகப் போனது. வயிற்றைச் சுற்றி வந்து, குறுக்கே இழுத்து, கீழே இறங்கி நின்றது. பிறகு சுளகைப் பக்கவாட்டில் ஒரு தட்டு. எழுத்து காணாமல் போனது. "தப்பாப் போனாலும் பயமில்ல பாத்தியா" என்றார்கள். சின்னவளுக்கு எழுதுவதைவிடத் தட்டுவதுதான் பிடித்திருந்தது. நான் டீச்சர் டிரெயினிங்கில் கற்றதையெல்லாம் கூட்டினாலும் அந்தச் சுளகுக்கு வராது. இப்போது தமிழ் முழுக்க அத்தை வசம். ஒன்று சொல்லிவிடுகிறேன், பள்ளியை விட்டதில் அவர்களுக்குச் சம்மதம் கிடையாது, தமிழ் மட்டும்தான்.

மோசமான நாட்களும் உண்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு மூன்றாவது நாளாக வராமல் போனதற்கு நடுவுள்ளவளைக் கத்தி, பென்சிலைப் பிடுங்கி எறிந்து, அது ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுந்தது. அவள் அழவில்லை. "நீங்க அம்மாவா இருக்கியளா, மிஸ்ஸா இருக்கியளான்னு முதல்லயே சொல்லிருங்க" என்றாள். பத்து வயது. நான் போய்ப் பென்சிலை வாங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, பென்சிலை மட்டும் நீட்டினார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பள்ளியில் மிஸ் கத்தினால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாம். எங்கள் வீட்டில் அந்த வழி இல்லை. ஆச்சிதான் வழி, பிள்ளைகள் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உள்ளூர்ச் சரித்திரத்துக்கு நடப்பதுதான் பாடம். ஒரு சனிக்கிழமை ஊசிக்கோபுரத்துக்குப் போனோம். மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டி 1826இல் பிரதிஷ்டையான கிறிஸ்தவக் கோயில். அதன் நிழலை அளந்து உயரத்தைக் கண்டுபிடிப்பதாகப் பெரியவனுக்குத் திட்டம். ஒரு மீட்டர் குச்சியின் நிழல், கோபுரத்தின் நிழல், ரெண்டையும் வைத்து விகிதம். குச்சியின் நிழல் ஒழுங்காக விழுந்தது. கோபுரத்தின் நுனி நிழல் ஒரு கூரைமேல் ஏறி எங்கேயோ போய்விட்டது. மதியம் நெருங்க நெருங்க நிழல் சுருங்குகிறது, இவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், பைக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். மூன்று தடவை அளந்து மூன்று விடை வந்தது. மூன்றையும் நோட்டில் எழுதி, கீழே "கோபுரம் மாறவில்லை" என்று எழுதியிருந்தான்.

அங்கிருந்து கிளாரிந்தா கட்டிய பழைய கோயிலுக்கு நடந்தோம். அத்தையும் கூட வந்தார்கள். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் இங்கே சொல்வது. மராட்டியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து இருக்கிறார் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். கிளாரிந்தா முன்நின்று கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. ரேனியஸ் வருவதற்கு 35 வருஷம் முந்தி.

இதையெல்லாம் நான் ஒப்பித்து முடித்ததும் நடுவுள்ளவள் கேட்டாள்: "கேட்டப்பவே ஏன் குடுக்கல? அந்த மாமா செத்ததுனால இவங்க நல்லவங்களா ஆயிட்டாங்களா?"

எனக்கு வேர்த்துவிட்டது. ஒழுக்கம், சபைச் சட்டம், அந்தக் காலம் என்று எதையோ ஆரம்பித்தேன். அத்தை கல்படியில் உட்கார்ந்து கால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்கள்: "பொம்பள எது கேட்டாலும் முதல்ல காக்க வெச்சுத்தான் குடுப்பாவ மக்ளே. அவ காத்துக் கிடந்து வாங்குனா. வாங்குன கையோட கோயிலும் கட்டிட்டா."

பரிணாமத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பாய் என்று இரண்டு தரப்பிலிருந்தும் கேட்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லித் தருகிறோம், ஆதியாகமத்தையும் வாசிக்கிறோம். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் கிளாரிந்தாவைப் பற்றிய கேள்விதான் இதுவரை எனக்குக் கஷ்டமானது.

ஆனால் ஒரு விஷயத்தை எந்தப் பாடத்திட்டத்தாலும் நிரப்ப முடியவில்லை. நாலு மணி. நாலு மணிக்கே பெரியவன் கேட்டில் வந்து நிற்பான், மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு. தெருப்பிள்ளைகள் வேனில் வந்து இறங்கி, சாப்பிட்டு, டியூஷனுக்குப் போகாத நாளாக இருந்தால், நாலேமுக்காலுக்கு வருவார்கள். அந்த நாற்பத்தைந்து நிமிடம் அவன் தட்டுகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது, மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கிறது, கிறிஸ்துமஸ் பஜனை இருக்கிறது என்று நான் எல்லாருக்கும் பதில் சொல்வேன். அந்தச் சத்தத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவனுக்கு இப்போது 14 முடிந்துவிட்டது. போலீஸ் பிடிக்காதா என்று கேட்கிற உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது, வீட்டில் படிப்பதைப் பற்றி அதில் வாயே திறக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ்., இருக்கிறது. மத்திய அரசினுடையது. 14 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பாடம், வருஷத்தில் இரண்டு தடவை தேர்வு, ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், பத்தாம் வகுப்புப் படிக்கிற அளவுக்குப் படித்திருக்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று நான்கில் சண்டை இல்லை. ஐந்தாவதாக வணிகம் எடு என்றார் அப்பா. இவன் பெயிண்டிங் என்றான். ஹார்டுவேர் கடைக்காரர் மகன் பெயிண்டிங் எடுப்பது நியாயம்தானே என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. பெயிண்டிங்கே எடுத்தான்.

விண்ணப்பம் போட்ட ராத்திரி எல்லாரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். படிப்பு மையம் தேர்ந்தெடுக்கிற இடம் வந்தது. பட்டியல் விரிந்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

"இது பள்ளிக்கூடம்லா?"

"ஆமா ஆச்சி. லீவு நாள்ல கிளாஸ் வைப்பாங்க. இஷ்டமிருந்தாப் போகலாம்."

"பெஞ்சு இருக்கும்?"

"இருக்கும்."

"போர்டு?"

"இருக்கும் ஆச்சி."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான்கு வருஷமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு. பேரனின் தலையில் கையை வைத்து, "யூனிபாரம் உண்டாலே?" என்றார்கள்.

"கிடையாது ஆச்சி."

"கெடக்கட்டும். வெள்ளைச் சட்டை ஒண்ணு எடுத்து வை, நான் தேச்சுத் தாரேன்."